பத்தாம் வகுப்பில் உடற்பண்புக் கணக்கெடுப்பு: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

பள்ளத்தூர்_அறிவியல் (கேள்வி)

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பொங்கல் லீவு முடிந்து திருப்புதல் தொடங்கும்போது மரபியல் பாடத்தை ஒரு செயல்பாடாக நடத்த நினைக்கிறேன். 'அ' பிரிவில் 42 பேர், 'ஆ' பிரிவில் 38 பேர். பிரிவுக்கு 40 நிமிடத்தில் இரண்டு பீரியட் கிடைக்கும். கையில் பெரிய ஆய்வகச் செலவு கிடையாது.

எடுக்க நினைத்திருக்கும் பண்புகள்: நாக்கைச் சுருட்டுவது, காதுச்சோணை ஒட்டியதா தொங்குவதா, கன்னக்குழி, கட்டைவிரல் பின்னால் வளைவது, கை கோத்தால் எந்தக் கட்டைவிரல் மேலே வருகிறது, நெற்றி நடுவில் முடி கூராக இறங்குவது. இவற்றை எண்ணி, ஓங்கு (ஜீனின் ஒரு பிரதி இருந்தாலே தெரிவது), ஒடுங்கு (இரண்டு பிரதியும் இருந்தால்தான் தெரிவது) எனப் பிரித்து, மெண்டலின் 3:1 வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாமா? வீட்டில் தாத்தா பாட்டி வரை விசாரித்துக் குடும்ப வரைபடம் போட்டு வரச் சொல்வதும் திட்டத்தில் இருக்கிறது. எங்கே சறுக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் நல்லது.

ஓய்வு_விலங்கியல்

3:1 வராது சார். அதை முதலில் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஹெட்டிரோசைகஸான (ஓங்கு ஒன்று, ஒடுங்கு ஒன்று எனச் சுமக்கும்) தாய், ஹெட்டிரோசைகஸான தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள் என்ற கணக்குக்குத்தான் 3:1. உங்கள் வகுப்பில் 42 பேரும் ஏறக்குறைய 42 வீட்டுப் பிள்ளைகள். அங்கே ஒரு பண்பு எத்தனை பேரிடம் தெரியும் என்பது, அந்த அல்லீல் (ஜீனின் அந்த வடிவம்) ஊரில் எவ்வளவு புழங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆறாம் விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் இறங்குகிறது, ஆனாலும் பள்ளி முழுக்கத் தேடினால் ஒருவர் கிடைப்பதே அதிகம். ஓ ரத்தவகை ஒடுங்கு, ஆனால் எந்த வகுப்பிலும் பத்துப் பேராவது இருப்பார்கள். 'ஓங்கு என்றால் அதிகம் பேருக்கு இருப்பது' என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவதற்கு இந்தக் கணக்கெடுப்பைத் தப்பாக நடத்துவதே பாதிக் காரணம்.

அடுத்தது, நீங்கள் எழுதிய ஆறு பண்புகளில் ஒன்றுகூட ஒற்றை ஜீன் பண்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாக்குச் சுருட்டலை 1940-ல் மரபுப் பண்பு என்று எழுதியவர் ஸ்டர்ட்டிவன்ட், குரோமோசோமில் ஜீன்களின் வரிசையை முதலில் வரைந்த அதே ஆள். 1952-ல் மேட்லாக் என்பவர் ஒரே கருவில் பிறந்த 33 ஜோடி இரட்டையரைப் பார்த்தார். 7 ஜோடியில் ஒருவர் சுருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை. ஜீன் மட்டுமே காரணமென்றால் ஒரு ஜோடியில்கூட அப்படி வந்திருக்கக் கூடாது. ஸ்டர்ட்டிவன்டே 1965-ல் அதைக் கைவிட்டுவிட்டார். நம் கையேடுகள் இன்னும் விடவில்லை. வகுப்பிலேயே சோதிக்கலாம்: முடியாதவர்களை ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகச் சொல்லுங்கள், சிலருக்கு வந்துவிடும்.

காதுச்சோணையும் இப்படித்தான். எண்ணிச் சதவீதம் போடும் செயல்பாடு என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே உண்டு, எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் 2017-ல் பெரிய அளவில் ஆராய்ந்தபோது அதோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதியில் 49 கிடைத்தன. அதனால்தான் வகுப்பில் பாதிப் பேருக்கு 'ஒட்டியதுமில்லை, தொங்குவதுமில்லை' என்று நடுவாந்தரமாக இருக்கிறது. இரண்டு கட்டம் போட்டால் அந்த நடுவாந்தரம் முழுக்க எண்ணுகிறவர் மனம்போல எங்கேயாவது போய் விழும்.

செய்ய வேண்டியது இது. பிள்ளையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், வெளிச்சம் கன்னத்தின் மீது விழட்டும். சோணையின் நுனியைப் பார்க்கக் கூடாது, சோணை கன்னத்தோடு சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விரல் நுனி நுழைகிற மாதிரிப் பள்ளம் இருந்தால் 1, பள்ளமே இல்லாமல் நேராகத் தாடையில் இறங்கினால் 3, மற்றதெல்லாம் 2. தோடு, ஜிமிக்கியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். அந்தப் பாரம் சோணையின் நுனியை இழுக்கும், சேருமிடத்தை அவ்வளவாக மாற்றாது. பாம்படம் போட்டு வளர்த்த பழைய பாட்டிமார் காதைப் படத்தில் காட்டினால், பெற்ற பண்பு, மரபுப் பண்பு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதட்டும், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக் கூடாது. கடைசியில் எத்தனை பேருக்கு இருவரும் வேறு எண் போட்டார்கள் என்று எண்ணுங்கள். 'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் வித்தியாசம் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த எண்ணிக்கை கரும்பலகையில் இருக்க வேண்டும்.

கட்டைவிரலுக்கு ஆம், இல்லை வேண்டாம். கையை மேசையில் பக்கவாட்டில் வைத்து, மேல் கணுவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் மடக்கச் சொல்லி, பாகைமானியின் மையத்தைக் கணுவில் வைத்துக் கோணத்தை எழுதுங்கள். மற்றக் கையால் பிடித்து வளைக்கக் கூடாது. கோணங்கள் தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பது தெரியும். எந்த இடத்தில் கோடு கிழித்து 'வளையும் விரல்' என்பது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

கை கோப்பது, கன்னக்குழி, நெற்றி முடி மூன்றும் எண்ணிப் பார்க்கச் சரி. ஓங்கு ஒடுங்கு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

தேவகோட்டை_டீச்சர்

குடும்ப வரைபட வீட்டுப்பாடம் வேண்டவே வேண்டாம் சார். நம்ம பக்கத்துல பிள்ளை கூட்டிக்கிறது, அதாவது தத்து எடுக்கிறது, எவ்வளவு சகஜம்னு உங்களுக்குத் தெரியும். கூட்டிக்கிட்ட விஷயம் சில வீட்டுல பிள்ளைக்கே சொல்லியிருக்க மாட்டாங்க. ஒட்டாத காது உள்ள பிள்ளை ஒட்டின காதுள்ள ரெண்டு பேரோட படத்தை வரைஞ்சு, 'டீச்சர் இது எப்படி'ன்னு வகுப்புல எழுந்து கேட்டா என்ன பதில் சொல்றது? ஒட்டின காது ஒடுங்குங்கற புத்தக விதியே அந்தப் பண்புக்குப் பொருந்தாதுங்கறது அப்புறம். கேள்வி வீட்டுக்குப் போயிடும்.

ரத்தவகை இன்னும் மோசம். பள்ளி அட்டையில் இருக்கிற வகை தப்பாப் பதிவாகியிருக்கிறது சாதாரணம். அப்பா ஏபி, பிள்ளை ஓ-ன்னு வந்தா புத்தகம் 'முடியாது'ங்கும். அட்டைப் பிழையா இருக்கலாம், 1952-ல் கண்டுபிடிச்ச பம்பாய் ரத்தவகையாகவும் இருக்கலாம், அது சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியேதான் காட்டும். வகுப்புல விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிறதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

அதுக்குப் பதிலா மூணு தலைமுறை கற்பனைக் குடும்பம் நாலைஞ்சு அட்டையில் எழுதி, குழுவுக்கு ஒண்ணு கொடுங்க. ஏபிஓ ரத்தவகை ஒரு அட்டை, சிவப்பு-பச்சை நிறக்குருடு ஒரு அட்டை. நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழியாப் போறது, ஆயா வீட்டு ஐயாகிட்டேயிருந்து (அம்மாவோட அப்பா) ஆத்தா வழியாப் பேரனுக்கு இறங்கறதுன்னு சொன்னா உடனே பிடிச்சுக்குவாங்க. ஆத்தாவுக்குக் குறை தெரியாது, கடத்தறவங்க மட்டும்தான். ஒய் குரோமோசோமுக்குப் பங்காளி வழியைச் சொல்லலாம், நகரத்தாரோட ஒன்பது கோயில் பிரிவும் அப்பா வழியா மட்டுமே இறங்கறதுதானே. உதாரணத்தோட நிறுத்திக்கணும். வகுப்பை அந்த மாதிரிப் பிரிச்சுக் கணக்கு எடுக்கிறது கூடவே கூடாது.

நிறக்குருடு பார்க்கிற இஷிஹாரா புள்ளிப் படங்களைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டற பழக்கமும் இருக்கு. ஜெராக்ஸில் நிறம் மாறிடும், சோதனை செல்லாது. யாருக்காவது நிஜமாவே தெரியலைன்னா அது நாற்பது பேர் முன்னால தெரியவர வேண்டிய விஷயம் இல்லை.

கண்டனூர்_உயிரியல்

காசு செலவில்லாமல் நன்றாக நடக்கிற ஒன்று விரல்ரேகை. சங்கு, சக்கரம் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தச் சக்கரம்தான் பாடத்தில் சுழி, சங்கு என்பது பெரும்பாலும் லூப். மூன்றாவது வகை வில், மேடு மாதிரி ஏறி இறங்கிவிடும்.

தேவை 2பி பென்சில், 2 செ.மீ. அகலத் தெளிவான செல்லோடேப், வெள்ளைத்தாள். தாளில் 3 செ.மீ. சதுரத்தைப் பளபளக்கும்வரை பென்சிலால் தேய்க்க வேண்டும். விரலை அதில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டி, டேப்பை அதே மாதிரி ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுற்றி ஒட்டி, உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்ட வேண்டும். கை வியர்த்திருந்தால் கரி திட்டுத்திட்டாக ஒட்டும், முதலில் துணியால் நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். டேப்பை இரண்டாம் தடவை அமுக்கினால் கோடுகள் இரட்டிக்கும்.

உருட்டுவது ஏன் என்றால், வகை பிரிப்பது டெல்டாவை வைத்து. ரேகைகள் மூன்று திசையிலிருந்து வந்து சந்திக்கும் முக்கோணம்தான் டெல்டா. சாதாரண வில்லில் அது கிடையாது, லூப்பில் ஒன்று, சுழியில் இரண்டு. டெல்டா பெரும்பாலும் விரலின் ஓரத்தில்தான் இருக்கும். நடுப்பகுதியை மட்டும் அமுக்கி எடுத்தால் ஒரு டெல்டா வெளியே போய்ச் சுழி லூப்பாகத் தெரியும். வகுப்பில் வருகிற பிழைகளில் பெரும்பாலானது இதுதான்.

இன்னொன்று. டேப்பில் எடுத்த ரேகையை டேப் வழியாகப் பார்க்கிறோம், அதனால் அது விரலை நேரே பார்ப்பது மாதிரியே இருக்கும். மை ஒற்றி எடுத்தால் கண்ணாடிப் பிம்பம், இடம் வலம் மாறும். லூப் சுண்டுவிரல் பக்கம் திறக்கிறதா கட்டைவிரல் பக்கமா என்று எழுதப் போகிறீர்கள் என்றால் எல்லோரும் ஒரே முறையில் எடுக்க வேண்டும்.

விரலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலில் வில்லும் கட்டைவிரல் பக்கம் திறக்கும் லூப்பும் மற்ற விரல்களைவிட அதிகம். மோதிர விரலிலும் கட்டைவிரலிலும் சுழி அதிகம். ஒருவர் மோதிர விரல், இன்னொருவர் ஆள்காட்டி என்று எடுத்தால் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடா விரலுக்கு விரல் வேறுபாடா என்று பிரிக்க முடியாது. இரண்டு பீரியடில் வலது கையின் ஐந்து விரலும் முடியும்.

கருவில் ஏறக்குறைய பத்தாம் வாரத்திலிருந்து பதினாறாம் வாரத்துக்குள் ரேகை உருவாகிறது. மொத்த ரேகை எண்ணிக்கையில் மரபின் பங்கு மிக அதிகம், ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பள்ளியில் அப்படி இரட்டையர் இருந்து, அவர்களுக்கும் வீட்டுக்கும் சம்மதமானால் இதைக் கண்ணாலேயே காட்டலாம்.

முக்கியமாக, ரேகைத் தாளில் பெயர் எழுதக் கூடாது. ஆதாருக்கு இதே ரேகைதான். வகை எண்ணிக்கை முடிந்ததும் தாளை அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். சார்ட்டில் ஒட்டித் தொங்கவிடுவது, படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம்.

பள்ளத்தூர்_அறிவியல்

எல்லோருக்கும் நன்றி. 3:1-ஐயும் வீட்டுப்பாடத்தையும் எடுத்துவிட்டேன். டீச்சர் சொன்ன அட்டை நல்ல யோசனை. இரண்டு சந்தேகம். ஒற்றை ஜீனுக்கு ஓரளவாவது நெருங்கி வருகிற, வகுப்பில் செய்யக்கூடிய பண்பு எதுவுமே இல்லையா? நாக்கில் வைத்துக் கசக்கிறதா என்று பார்க்கும் பிடிசி தாள் பற்றிச் சொல்கிறார்களே? இரண்டாவது, உயரத்தை எப்படிக் கையாள்வது?

ஓய்வு_விலங்கியல்

பிடிசி தான் இருப்பதில் நெருக்கமானது. 1931-ல் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் அந்தத் தூள் காற்றில் பறந்தபோது, பக்கத்தில் இருந்தவருக்குக் கசந்தது, ஃபாக்ஸுக்குக் கசக்கவில்லை. காரணமான ஜீன் 2003-ல் கிடைத்தது, ஏழாம் குரோமோசோமில் இருக்கும் டிஏஎஸ்2ஆர்38. வேறுபாட்டின் பெரும்பகுதியை இந்த ஒரு ஜீனே விளக்கிவிடுகிறது, முழுவதையும் இல்லை. ஆகவே லேசாகக் கசக்கிறவர்களும் இருப்பார்கள்.

தூளை வாங்கி நீங்களே தாள் தயாரிக்க வேண்டாம், ஃபினைல்தயோகார்பமைடு தூள் நஞ்சு. தாளாக வருவதில் அளவு மிகக் குறைவு, அதை மட்டும் ஆய்வகப் பொருள் கடையில் வாங்குங்கள். கூடவே மருந்தில்லாத வெறும் தாளும் அதே அளவில் வெட்டி வையுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, வாய் கொப்பளித்து, முதலில் வெறும் தாள், பிறகு பிடிசி. நாக்கின் நடுவில் பத்து விநாடி, எச்சில் ஊறட்டும். நன்றாகக் கசந்தால் 2, லேசாக இருந்தால் 1, ஒன்றுமில்லை என்றால் 0. பேசாமல் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். வரிசையாகச் செய்தால் முதல் பிள்ளை முகத்தைச் சுளித்ததும் பின்னால் இருக்கும் பத்துப் பேருக்குக் கசக்கும். வெறும் தாளுக்கே 'கசக்கிறது' என்று எழுதிய சீட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். ஈரம் பட்ட பழைய தாள் வீரியம் குறைந்து பூஜ்யங்களைக் கூட்டிவிடும்.

வேப்பம்பூவையோ பாகற்காயையோ வைத்து இதைச் செய்ய முடியாது. மனித நாக்கில் கசப்புக்கென்று சுமார் 25 ஏற்பிகள் உண்டு, பிடிசி பிடிபடுவது முக்கியமாக டிஏஎஸ்2ஆர்38 ஜீன் தருகிற ஒன்றில். பிடிசி கசக்காத பிள்ளைக்கும் வேப்பம்பூ கசக்கும்.

40 செல்லுபடியான சீட்டில் 12 பேருக்குக் கசக்கவில்லை என்று வையுங்கள். கசக்காதது ஒடுங்கு, இரண்டு பிரதியும் ஒடுங்காக இருந்தால்தான் அப்படி, அதனால் வர்க்கமூலம் எடுக்கிறோம். 12/40 = 0.30, அதன் வர்க்கமூலம் 0.55. இதுதான் ஒடுங்கு அல்லீலின் பங்கு. மற்றது 0.45. இரண்டையும் பெருக்கி 2-ஆல் பெருக்கினால் 0.495, அதாவது ஏறக்குறைய 20 பேர் ஹெட்டிரோசைகஸ், மீதி 8 பேர் ஹோமோசைகஸ் ஓங்கு (இரண்டு பிரதியும் ஓங்கு). 1908-ல் வந்த ஹார்டி-வெயின்பெர்க் கணக்கு இது. பாடத்தில் இல்லாவிட்டாலும் வர்க்கமூலம் தெரிந்த பிள்ளைக்குப் புரியும். அதில் ஒரு நிபந்தனை, திருமணங்கள் உறவு பார்க்காமல் நடக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் அதிகமுள்ள ஊரில் ஹோமோசைகஸ் பக்கம் எண்ணிக்கை சற்றுக் கூடும். அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 1/16. தாய்மாமன்-அக்காள் மகள் என்றால் 1/8. இதைச் சொல்லும்போது யார் வீட்டில் எப்படி என்று கேட்காமல் எண்ணோடு நகர்ந்துவிடுங்கள்.

புதுவயல்_கணக்கு

உயரத்துக்கு வருகிறேன். சுவரடியில் பட்டை இல்லாத சுவராகப் பாருங்கள், பட்டை இருந்தால் குதிகால் ஒட்டாது. பழைய வீட்டில் நடக்கும் டியூஷன் என்றால் பென்சில் கோடு போட வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். காகித டேப்பில் அளவுகோல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில், பார்வை நேரே. தலைமேல் புத்தகத்தை வைக்காமல் தச்சர் மூலைமட்டத்தைச் சுவரில் பதித்து இறக்குங்கள், புத்தகம் சாயும், ஒரு செ.மீ. போய்விடும். உச்சியில் கொண்டையோ பூவோ இருந்தால் ஒதுக்கி அமுக்க வேண்டும். காலையில் ஒரு பிரிவு, மாலையில் இன்னொன்று என்று அளக்காதீர்கள், நாள் முழுக்க நின்று நடந்ததில் மாலையில் ஒரு செ.மீ. வரை குறையும்.

பெண்களுக்கு ஒரு படம், ஆண்களுக்கு ஒரு படம். இந்த வயதில் பெண்கள் பெரும்பாலும் வளர்ந்து முடிக்கும் தறுவாயில், ஆண்கள் நடுவில். சேர்த்துப் போட்டால் மரபு, வயது, பால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். கட்டத்தின் அகலம் 5 செ.மீ. போதும், 2 செ.மீ. வைத்தால் இருபது பேருக்குப் படம் பல் விழுந்த சீப்பாகத் தெரியும்.

நேரமிருந்தால் ஒவ்வொருவரின் உயரத்தை அவரவர் சாணால் வகுக்கச் சொல்லுங்கள். 'எண்சாண் உடம்பு' என்கிறோமே, பலருக்கும் 8-ஐ ஒட்டி வரும், சரியாக 8 சிலருக்கு மட்டும். சாணை விரல் விரித்துத் தாளில் புள்ளி வைத்து ஸ்கேலில் அளக்க வேண்டும், உடம்பில் கையாலேயே அளந்துகொண்டு போனால் வளைவுகளில் கூடுதலாக வரும்.

எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. 40 பேரில் 24 பேருக்கு ஒரு பண்பு என்றால் 60 சதவீதம், ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலால் மட்டுமே கூட்டல் கழித்தல் 15 வரலாம். அதனால் 'அ' பிரிவில் 60, 'ஆ' பிரிவில் 48 என்று வந்தால் வித்தியாசம் என்று எழுத இடமில்லை. மூன்று பிரிவைச் சேர்த்து 120 ஆக்கினாலும் கூட்டல் கழித்தல் 9-க்குப் பக்கத்தில் நிற்கும்.

முதல் பீரியடை இப்படித் தொடங்கலாம். விருப்பமுள்ள ஒரு பிள்ளை முன்னால் வரட்டும், மற்ற 41 பேரும் நிற்கட்டும். அந்தப் பிள்ளையின் பண்பை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பொருந்தாதவர் உட்கார வேண்டும். ஒவ்வொன்றிலும் சுமார் 60 சதவீதம் பேர் ஒத்துப்போகிறார்கள் என்றால் ஆறு பண்புக்குப் பிறகு இரண்டு பேர் போல மிஞ்சுவார்கள். எட்டுக்குப் போனால் ஒருவர் மிஞ்சலாம், யாருமே இல்லாமலும் போகலாம். 41-ஐ 0.6-ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை_டீச்சர்

ஏழாவது எட்டாவது பண்புக்கு உச்சிச் சுழியும் கால்விரலும் வைச்சுக்கலாம். கால்விரல்னா பெருவிரல் நீளமா அடுத்த விரல் நீளமாங்கிறது, பாதத்தைத் தாள்ல வரைஞ்சு பார்த்தா சண்டை வராது. ரெண்டுக்கும் ஊர்ப்பேச்சு இருக்கு: ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம், இரண்டாவது விரல் நீளமான பொண்ணு புருஷனை அடக்குவான்னு. எப்படியும் யாராவது கத்துவாங்க, நீங்களே முதல்ல சொல்லிச் சிரிச்சுட்டு மேலே போயிடுங்க.

சுழியை நேர் மேலேயிருந்து பார்க்கணும், கடிகார முள் திசையா எதிர்த்திசையான்னு. பெரும்பாலும் கடிகார முள் திசைதான். எண்ணெய் தேய்ச்சு வகிடெடுத்த தலையில் கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதுக்கு 'தெரியவில்லை'ன்னு தனிக் கட்டம் போடுங்க, ஊகிச்சு எழுத வைக்காதீங்க. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து மொட்டை போட்டு வர்ற பையன்களுக்கு ரெண்டு மூணு வாரத்து முடியில் சுழி பளிச்சுன்னு தெரியும். ஆனா நெற்றி முடிக் கட்டத்தை அவங்களுக்கு அப்போ நிரப்ப வேண்டாம், அதை பூசத்துக்கு முன்னாடியே எடுத்துடுங்க.